15 வயது மகனை அமெரிக்காவில் குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) நடத்தும் கோடைக் கூடலுக்கு அனுப்புகிறோம். எப்படித் தயார்ப்படுத்துவது?

முதலில் தேதியைப் பாருங்கள். கூடல் ஜூலைத் தொடக்கத்தில் என்றால் நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை முடிந்திருக்கும். பள்ளியில் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.

பழக்க வேண்டியது மௌனம்தான். குவேக்கர்களின் மௌன வழிபாட்டில் பாதிரியாரும் இல்லை, பிரசங்கமும் இல்லை. சுமார் ஒரு மணி நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே உந்துதல் வந்தவர் எழுந்து பேசுவார், அதற்கு யாரும் எதிர்வாதம் செய்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கைகுலுக்கினால் முடிந்தது. கைப்பேசி இல்லாமல் வீட்டில் இருபது நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள் (பெரியவர்களுக்கே கஷ்டம்!).

அப்புறம், அங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'அங்கிள், ஆன்ட்டி' என்றே வளர்ந்த பிள்ளை கொஞ்சம் கூச்சப்படுவான்.

போர் மறுப்பு 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்கள் கொள்கை. அதனால் நம் தேசிய சேவை (இளைஞர்கள் பெரும்பாலும் ராணுவத்தில் செய்யும் கட்டாயப் பணி) பற்றி யாராவது கேட்கலாம். அதை வீட்டிலேயே பேசிவிடுங்கள்.