நான்கு ரூபாய்ச் சில்லறையும் ரோமன் எண்ணும்

கேள்வி: மேலூரிலிருந்து தினமும் மதுரைக்கு வந்து பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை ரோமன் எண்ணாக மாற்றித் தரும் பைத்தான் புரோகிராம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதியதில் 94 கொடுத்தால் 'எல்-எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ்-ஐ-ஐ-ஐ-ஐ' என்று வாலாக நீளுகிறது. 4, 9, 40, 90 ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இஃப் (நிபந்தனை வரி) போட்டுப் பார்த்தேன். 14 சரியானால் 44 கெட்டுப்போகிறது. தோழி நெட்டில் எடுத்துக் கொடுத்த புரோகிராம் ஓடுகிறது. ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதில் ஒரு வரி கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. இதை எப்படி யோசிக்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் 94-ஐயே பார்ப்போம். எல் என்றால் 50, நான்கு எக்ஸ் 40, நான்கு ஐ 4. கூட்டினால் 94 சரியாகவே வருகிறது. ஆகவே நீங்கள் எழுதிய கணக்கு தப்பில்லை. கடிகார முகப்பில் நான்கு மணிக்கு நான்கு ஐ போடுவது இன்றும் உண்டு. உங்கள் புரோகிராமுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: கழித்து எழுதும் வழக்கம். அதைச் சொல்லிக்கொடுக்க இஃப் மேல் இஃப் அடுக்கியதால்தான் சிக்கல்.

கணினியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடை. 122 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறீர்கள். மீதி 378. கடைக்காரர் கல்லாப்பெட்டியில் கைவிட்டு முதலில் ஒரு இருநூறை எடுக்கிறார். அப்புறம் ஒரு நூறு, ஓர் ஐம்பது, ஓர் இருபது. கடைசியில் ஐந்து, இரண்டு, ஒன்று என்று காசு. அவர் எந்த வாய்ப்பாடும் போடவில்லை. கையிலிருப்பதில் பெரியது எதுவோ, அது மீதிக்குள் அடங்கினால் எடுத்து வைக்கிறார். அடங்காவிட்டால் அடுத்த சிறியதற்குப் போகிறார். உங்கள் புரோகிராமும் இதைத்தான் செய்கிறது. ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000 என ஏழு நோட்டுகள் உங்கள் கல்லாவில் இருக்கின்றன.

இப்போது அதே கடையில் 96 ரூபாய்க்கு வாங்கி நூறு ரூபாயைக் கொடுக்கிறீர்கள். நான்கு ரூபாய் தர வேண்டும், அவரிடம் சில்லறை இல்லை. என்ன சொல்வார்? "ஒரு ரூபா இருந்தா குடுங்கம்மா, அஞ்சாத் தந்துடுறேன்." ஒன்றை வாங்கிக்கொண்டு ஐந்தைத் தருவது. ரோமன் எண்ணில் ஐவி என்று எழுதுவது இதே பேரம்தான். ஐ இடப்பக்கம் நின்றால் அது நீங்கள் கொடுத்த ஒரு ரூபாய். வி அவர் தந்த ஐந்து ரூபாய். 9-க்கு ஐஎக்ஸ், 40-க்கு எக்ஸ்எல், 90-க்கு எக்ஸ்சி, 400-க்கு சிடி, 900-க்கு சிஎம். இப்படிப்பட்ட பேரங்கள் மொத்தமே ஆறுதான், ஏழாவது கிடையாது. சிலர் 49-ஐ 'ஐஎல்' என்று எழுதப் பார்ப்பார்கள். அது கூடாது. ஐ என்பது வி, எக்ஸ் இரண்டின் முன்னால்தான் நிற்கும். அதுபோல எக்ஸ், எல்லுக்கும் சிக்கும் முன்னால். சி, டிக்கும் எம்முக்கும் முன்னால். ஆகவே 49 என்பது 40-உம் 9-உம்: எக்ஸ்எல்-ஐஎக்ஸ்.

நான் சொல்ல வந்தது இதுதான்: இந்த ஆறு பேரங்களையும் நிபந்தனைகளாக எழுதாதீர்கள், நோட்டுகளாகவே அச்சடித்துக் கல்லாவில் போட்டுவிடுங்கள். நான்கு ரூபாய் நோட்டு ஒன்று, அதன் மேல் 'ஐவி' என்று அச்சு. தொண்ணூறு ரூபாய் நோட்டு ஒன்று, அதில் 'எக்ஸ்சி'. பழைய ஏழோடு சேர்த்தால் பதின்மூன்று. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் அட்டவணை இப்படி வரும்:

1000 எம், 900 சிஎம், 500 டி, 400 சிடி, 100 சி, 90 எக்ஸ்சி, 50 எல், 40 எக்ஸ்எல், 10 எக்ஸ், 9 ஐஎக்ஸ், 5 வி, 4 ஐவி, 1 ஐ.

பைத்தானில் இதை மதிப்பும் குறியும் சேர்ந்த இணைகளின் லிஸ்டாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வேலை ஐந்தே வரி. தமிழில் எழுதுகிறேன், 'ஒவ்வொரு' வரும் இடத்தில் ஃபார், 'இருக்கும் வரை' வரும் இடத்தில் வைல், 'திருப்பிக் கொடு' வரும் இடத்தில் ரிட்டர்ன் போட்டுக்கொள்ளுங்கள்:

விடை = வெற்று எழுத்துச் சரம்
அட்டவணையில் உள்ள ஒவ்வொரு (மதிப்பு, குறி) இணைக்கும்:
    எண் >= மதிப்பு என்று இருக்கும் வரை:
        விடை = விடை + குறி; எண் = எண் - மதிப்பு
விடையைத் திருப்பிக் கொடு

பைத்தான் 3-இல் மாறிகளுக்கு 'எண்', 'விடை', 'குறி' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், தடையில்லாமல் ஓடும். வீட்டில் பழகும்போது அப்படி எழுதிப் பார்க்கச் சொல்வேன். எந்த மாறி எதற்கு என்பது மனதில் நன்றாக ஒட்டும்.

சரி, 1994-ஐ ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஓட்டிப் பாருங்கள். 1000 அடங்கும்: எம், மீதி 994. இன்னொரு 1000 அடங்காது, நகரலாம். 900 அடங்கும்: சிஎம், மீதி 94. 500, 400, 100 மூன்றும் அடங்கவில்லை. 90 அடங்கும்: எக்ஸ்சி, மீதி 4. 50-இலிருந்து 5 வரை எதுவும் இல்லை. 4 அடங்கும்: ஐவி, மீதி 0. விடை எம்-சிஎம்-எக்ஸ்சி-ஐவி. உங்களைப் படுத்திய 94 இதற்குள்ளேயே எக்ஸ்சி-ஐவி என்று அடங்கிப் போய்விட்டது. எங்கேயும் 'ஒருவேளை 9 ஆக இருந்தால்' என்ற கேள்வியே வரவில்லை, பார்த்தீர்களா? வைவாவில் கேட்டால் இந்தப் பென்சில் கணக்கைச் சொன்னாலே போதும்.

உள்ளே இருப்பது வைல், இஃப் அல்ல. முதலாண்டு மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். வைலுக்குப் பதில் இஃப் போட்டு 30 கொடுங்கள். 10 ஒரு முறைதான் எடுக்கப்படும், மீதி 20. அடுத்தது 9, அடங்குகிறதே, ஐஎக்ஸ், மீதி 11. பிறகு 5, மீதி 6. பிறகு 4, மீதி 2. பிறகு 1, மீதி 1. வருவது எக்ஸ்-ஐஎக்ஸ்-வி-ஐவி-ஐ. கூட்டிப் பார்த்தால் 29. ஒரு ரூபாய் கல்லாவிலேயே தங்கிவிட்டது. அதே இஃப்புக்கு 94 கொடுத்தால் விடை சரியாக வந்துவிடும்! அதனால்தான் ஓரிரு எண்களை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது என்கிறேன்.

அட்டவணையின் வரிசையும் முக்கியம். சிறியதை முதலில் வைத்தால் எல்லாமே ஐ ஆகிவிடும். 94-க்கு 94 ஐ வரும். இன்னொன்று: இன்புட் கொடுப்பது எண் அல்ல, எழுத்துச் சரம். அதை இன்ட் கொண்டு எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால் பைத்தான் டைப்எரர் (வகைப் பிழை) என்று நின்றுவிடும்.

எல்லையையும் முதலிலேயே கட்டிவிடுங்கள். ரோமன் முறையில் சுழியம் இல்லை. 0 கொடுத்தால் உங்கள் புரோகிராம் பிழை எதுவும் சொல்லாமல் வெறும் சரத்தைத் தரும்; 4000 கொடுத்தால் நான்கு எம் போடும். 5000-க்குத் தனி எழுத்து இந்த ஏழில் இல்லாததால் வழக்கமான எல்லை 1 முதல் 3999 வரை. வெளியே போனால் செய்தி காட்டித் திருப்பி அனுப்புங்கள். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த எல்லைக்குள் மிக நீளமான விடை 3888-க்கு வருவது, பதினைந்து எழுத்து.

சோதிக்க 3, 4, 9, 14, 30, 44, 49, 99, 444, 1994, 3888, 3999 ஆகியவற்றைக் கையால் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். நேரம் இருந்தால் திருப்பி மாற்றும் புரோகிராமையும் எழுதுங்கள்: ஓர் எழுத்து தனக்கு வலப்பக்கத்து எழுத்தைவிடச் சிறியதாக இருந்தால் கழி, இல்லையென்றால் கூட்டு. 1 முதல் 3999 வரை ரோமனாக்கி, திரும்ப எண்ணாக்கி, அதே எண் வருகிறதா என்று ஒரு சுற்று ஓட்டினால் எங்கே தப்பு என்று அதுவே காட்டிவிடும்.

இதுவரை வந்தவர் இன்னும் ஓரடி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கிடைத்திருக்கும் பிரிட்டிஷ் காலத்து மைல்கற்கள் சிலவற்றில் ரோமன் எண்ணும் தமிழ் எண்ணும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தூரத்தை இரண்டு விதமாகச் சொல்லும் கல். உங்கள் புரோகிராமும் அதைச் செய்யட்டுமே.

பழைய தமிழ் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. ரோமனில் முப்பதுக்கு எக்ஸை மூன்று முறை எழுதுகிறோம். தமிழில் அப்படியல்ல, எத்தனை பத்து என்பதை முன்னால் போட்டு ௩௰ என்கிறோம். நாம் 'முப்பது', 'எழுநூறு' என்று வாயால் சொல்வது போலவே எழுத்தும் இருக்கிறது. ஆகவே இங்கே திரும்பத் திரும்பக் கழிக்க வேண்டாம். வகுத்து ஈவையும் மீதியையும் எடுத்தால் போதும். 1000, 100, 10 மூன்றுக்கும் வரிசையாக ஈவைப் பாருங்கள். ஈவு 0 என்றால் தாண்டுங்கள். 1 என்றால் குறியை மட்டும் எழுதுங்கள். 2 முதல் 9 வரை என்றால் அந்த இலக்கத்தையும் பிறகு குறியையும் எழுதுங்கள். மீதியோடு அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் ஒன்றின் இடத்தில் ஏதாவது மிஞ்சினால் அந்த இலக்கம். 1994 இப்போது ௲௯௱௯௰௪. 378 என்பது ௩௱௭௰௮. 2005 என்பது ௨௲௫, நடுவில் சுழியத்துக்கு வேலையே இல்லை. 9999 வரை இது அப்படியே ஓடும்.

ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. ௧ பார்க்க க போலவே இருக்கும்; ௨ உ போல, ௭ எ போல, ௮ அ போல. ஆனால் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் தனித்தனி எண் தரும் முறை) அவை வேறு வேறு குறியீடுகள். அட்டவணையில் அவசரமாக க என்று தட்டிவிட்டால் திரையில் தப்பு தெரியாது, ஒப்பிடும்போது மட்டும் சோதனை தோற்கும். ஒரு மணி நேரம் தேடினாலும் கண்ணுக்கு அகப்படாத பிழை இது. இலக்கம்தானா என்று சந்தேகம் வந்தால் அந்தக் குறியை இன்ட்டுக்குள் போடுங்கள்: ௧ போட்டால் 1 தரும், க போட்டால் வேல்யூஎரர் என்று கத்தும். ௰, ௱, ௲ மூன்றையும் மட்டும் இப்படிச் சோதிக்க வேண்டாம். அவை இட இலக்கங்கள் அல்ல என்பதால் இன்ட் அவற்றையும் ஏற்காது.