ஆன்டிபாடி பரிசோதனை நெகட்டிவ் என்றால் மயஸ்தீனியா கிராவிஸ் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. அந்த 'நெகட்டிவ்' என்ற சொல்லை நம்பி எங்கள் வீட்டில் ஏழு மாதம் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மயஸ்தீனியா கிராவிஸ் என்பது நரம்பு அனுப்பும் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதம், இதில் சொந்த உடம்பையே தாக்குகிறது.

யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. வீட்டில் யாருக்கோ சாயங்காலமானால் இமை தொங்குகிறது, சோறு இறங்கவில்லை, டாக்டர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். அம்மா 31 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 58 வயதில் பேச்சு மூக்கில் வர ஆரம்பித்தது. காலையில் நன்றாகத்தான் இருப்பார், பசியாற இரண்டு தோசை சாதாரணமாக இறங்கும். இரவில் அதே அம்மா ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவார். கையை எடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு நாள் குடித்த தேத்தண்ணி மூக்கு வழியாக வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

மருத்துவமனையில் எங்களுக்கு நேரம் கிடைத்ததெல்லாம் காலையில். அந்த நேரத்தில் அம்மா தெளிவாகப் பேசுவார். ரத்தம் எடுத்தார்கள், நெகட்டிவ். "மனசுல கவலை இருக்கும்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். உறவுக்காரர்கள் செய்வினை என்றார்கள். அம்மாவே ஒரு கட்டத்தில், "நான்தான் சும்மா நினைச்சுக்கிறேனோ என்னவோடி" என்றார். எனக்கு இன்றும் ஆறாதது அந்த வார்த்தைதான்.

ஈப்போவில் வேறொரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவை ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொன்னார். அம்மா தமிழில் எண்ணினார். இருபது வரை சரியாக இருந்தது, முப்பதைத் தாண்டியதும் குரல் முழுக்க மூக்கில் வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்து நரம்பில் நொடிக்கு மூன்று முறை மின்துடிப்பு கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை. கையில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் செய்தபோது தசையின் பதில் படிப்படியாகக் குறைந்தது. தூக்க மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார், இந்த நோய் உள்ளவர்களுக்கு அது மூச்சையே பாதிக்கலாமாம். பிறகு மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இந்தத் தடவை 'மஸ்க்' ஆன்டிபாடிக்கு. பாசிட்டிவ்.

முதலில் தேடியது அசிட்டைல்கொலின் ரிசெப்டர் ஆன்டிபாடி. உடம்பு முழுக்கப் பரவிய மயஸ்தீனியாவில் 100 பேரில் சுமார் 85 பேருக்கு அது இருக்கும். கண்ணோடு நின்றுவிட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். நரம்பு அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்ள தசையில் இருக்கும் ரிசெப்டரையே அது தாக்குகிறது. மஸ்க் என்பது அந்த ரிசெப்டர்களை ஓரிடத்தில் கூட்டி வைக்கும் புரதம். அதற்கு எதிரான ஆன்டிபாடி 2001இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த வகை பெண்களிடம் அதிகம், பேச்சையும் விழுங்குவதையும் கழுத்தையும் அதிகமாகப் பாதிக்கும். அம்மாவைப் பார்த்து எழுதிவைத்த மாதிரி இருந்தது. 2011இல் எல்ஆர்பி4 என்ற புரதத்துக்கு எதிரான இன்னொரு ஆன்டிபாடியும் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்றும் இல்லாமலே நோய் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை, எண்ணெய் ஆலையில் கிராணி, அதாவது கிளார்க். அரைகுறையாகப் படித்துவிட்டு டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் வராதீர்கள். அம்மாவைக் காப்பாற்றியவரும் டாக்டர்தான். வெறும் களைப்பு எல்லாம் இந்த நோய் என்றும் நான் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே மாதங்களில் தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அம்மா கழுத்தை நிமிர்த்த முடியாமல், மோவாயைக் கையில் ஏந்திக்கொண்டு அலுவலகத்தில் நின்றார். "இப்ப வேலை செய்றவங்களுக்குத்தான் வீடு" என்று பதில் வந்தது. 31 வருடம் உழைத்தவருக்கு ஒரு நாற்காலி போடவில்லை. அப்பா நட்ட ரம்புத்தான் மரம் இப்போது அந்த இடத்தில் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து எந்த ஆன்டிபாடியைத் தேடினார்கள் என்று பாருங்கள். ரிசெப்டர் மட்டும் என்றால் மஸ்க் பற்றிக் கேளுங்கள், நரம்புப் பரிசோதனையை முகத்திலும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். நோயின் ஆரம்பத்தில் எடுத்த ரத்தம் என்றால், ஆறு மாதம் ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்ததில் பாசிட்டிவ் ஆனவர்கள் உண்டு. சாயங்காலம் அவர் சாப்பிடுவதையும் பேசுவதையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். எனக்கு அது அன்று தோன்றவில்லை. விழுங்க முடியாமல் புரையேறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள், ராத்திரி எந்நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.