ஆறிலேயே நிற்கும் கார்பன்

கேள்வி: அசிட்டிக் அமிலத்துக்கு (CH₃COOH) லூயிஸ் அமைப்பு, அதாவது எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகவும் பிணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் படம், வரைந்தால், ஒரு கார்பனைச் சுற்றி 6 எலக்ட்ரான்தான் வருகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: கடைசிப் படியை விட்டுவிட்டீர்கள். இணைதிற எலக்ட்ரான்கள் (அணுவின் வெளிக்கூட்டில் உள்ளவை) கார்பன் இரண்டுக்கும் 8, ஹைட்ரஜன் நான்குக்கும் 4, ஆக்சிஜன் இரண்டுக்கும் 12, ஆக 24. எந்த அணு எதோடு சேர்கிறது என்று காட்டும் சட்டகத்தில் 7 ஒற்றைப் பிணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 2 எலக்ட்ரான். அதற்கு 14 போய்விடும். மீதி 10-இல், ஹைட்ரஜன் இல்லாத ஆக்சிஜனுக்கு 6, ஹைட்ரஜன் உள்ளதற்கு 4. இப்போது கையில் எதுவும் மிச்சமில்லை, ஆக்சிஜன்களோடு சேர்ந்த கார்பனுக்கோ 8 ஆக இன்னும் 2 குறைகிறது.

புதிதாக இரண்டு புள்ளி வைத்துவிடாதீர்கள். மொத்தம் 26 ஆகிவிடும். சறுக்க எளிதான இடம் இதுதான். ஹைட்ரஜன் இல்லாத ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இணை (பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான்) ஒன்றை அந்தக் கார்பன் பக்கம் நகர்த்தி இரட்டைப் பிணைப்பாக்குங்கள்.

மற்ற ஆக்சிஜனிலிருந்து எடுத்தால் என்ன? எண்ம விதி (அணுவைச் சுற்றி 8 எலக்ட்ரான் வேண்டும் என்பது) அப்போதும் நிறைவேறும். ஆனால் அந்த ஆக்சிஜனின் முறைசார் மின்சுமை (இணைதிற எலக்ட்ரான்களிலிருந்து, தனித்த எலக்ட்ரான்களையும் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் கழித்தால் வருவது) 6 − (2 + 3) = +1; இன்னொன்றுக்கு 6 − (6 + 1) = −1. மின்சுமையே இல்லாமல் வரைய வழி இருக்கும்போது அதைத்தான் முதன்மை அமைப்பாகக் கொள்ள வேண்டும்.

சட்டகத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். இதே அணுக்களை வேறு வரிசையில் கோத்தால் மெத்தில் ஃபார்மேட் வந்துவிடும். அங்கும் கூட்டுத்தொகை 24-தான்.