14 லட்சம் எங்கே போனது?

கேள்வி: 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது 14 லட்சம் பேருக்கு வரும் என்று பயமுறுத்தினார்கள். கடைசியில் முப்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. இதற்குக் கிளி ஜோசியம் தேவலை இல்லையா?

பதில்: கிளி எடுத்த சீட்டைப் பார்த்து ஊரே பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லையே! அந்த எண்ணைச் சொன்னது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், 2014 செப்டம்பரில். லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் 2015 ஜனவரி 20-க்குள் 5.5 லட்சம் பேர், கணக்கில் வராதவர்களுக்காக அதை 2.5-ஆல் பெருக்கினால் சுமார் 14 லட்சம். ஆனால் "இப்போது இருப்பது போலவே விட்டால்" என்று ஒரு நிபந்தனையும் கூடவே இருந்தது. தலைப்புச் செய்தியில் அதைக் காணோம். 70 சதவீத நோயாளிகளை சிகிச்சை மையத்திலோ, பிறருக்குத் தொற்றாதபடி வீட்டிலோ வைத்து, இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்தால் அதே ஜனவரியில் கிட்டத்தட்ட முடிந்துவிடும் என்றும் அதே அறிக்கை சொன்னது.

அடக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், எபோலாவில் இறந்தவரின் உடலில்தான் கிருமி மிக அதிகம், அங்கே வீட்டார்தான் உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்புவார்கள். அதைக் கைவிடச் சொல்வது சின்ன விஷயமா? ஆனாலும் விட்டார்கள். கைகுலுக்குவதை நிறுத்தினார்கள், வாசலில் குளோரின் தண்ணீர் வாளி வந்தது. கினியாவையும் சேர்த்து மூன்று நாடுகளிலும் மொத்தம் சுமார் 28,600 பேரோடு நின்றது, இறந்தவர்கள் 11,300. புயல் வரும் என்று சொன்னால் புயல் திசை மாறாது, நோய் வரும் என்று சொன்னால் அதைப் பரப்புகிற ஆட்களே மாறிவிடுகிறார்கள்.

கேள்வி: அப்படியென்றால் நடந்தாலும் ஜெயம், நடக்காவிட்டாலும் "நாங்கள் எச்சரித்ததால்தான்" என்று ஜெயமா?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். அந்தச் சாக்கை நானும் முழுதாக ஏற்க மாட்டேன். எபோலாவைத் தடுக்க அமெரிக்கா 3,000 படையினரை அனுப்புவதாக அறிவித்தது செப்டம்பர் 16, அறிக்கை வெளிவந்ததே அதற்கு ஒரு வாரம் கழித்து. லைபீரியாவில் அக்டோபரிலேயே புது நோயாளிகள் குறைய ஆரம்பித்துவிட்டார்கள், பக்கத்து வீட்டில் விழுந்த சாவைப் பார்த்தவர்களுக்கு அந்த நோய்க் கட்டுப்பாட்டு மையம் இருக்கும் அட்லாண்டாவிலிருந்து யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அந்தப் படையினர் மெனக்கெட்டுக் கட்டிய 11 சிகிச்சை மையங்களுக்கு வந்த எபோலா நோயாளிகள் மொத்தமே 28 பேர். 9 மையங்களில் ஒருவர்கூடப் படுக்கவில்லை.