கியர் லீவர் துள்ளினால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் மூன்று அறிகுறிகளைச் சொல்லியிருக்கிறீர்கள். முதல் கியரில் கிளட்சை விடும்போது காருக்கு அடியில் ‘டொக்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் கியர் லீவர் தானாக அசைகிறது. வளைவில் வேகமாகப் போகும்போது மூன்றாவது கியர் விழ மறுக்கிறது. எஞ்சின் முன்புறமும் இழுவை பின்சக்கரங்களிலும் உள்ள, இருபது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் என்பதால், கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்கிறீர்கள். சம்மதிப்பதற்கு முன் கியர்பாக்ஸின் பின்பகுதியைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளைப் பார்த்துவிடுங்கள். இதே அறிகுறிகளோடு இதே பெங்களூரில் எட்டு மாதம் வேறெங்கெங்கோ பணத்தைக் கொட்டியவன் என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

என்னுடையது 1998 ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ இசட்3, 1.9 லிட்டர், நான்கு சிலிண்டர், ஐந்து கியர். முதலில் பார்த்த கேரேஜில் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றார்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினேன். ‘டொக்’ அப்படியே இருந்தது. அடுத்து, உள்ளே சிங்க்ரோனைசர் (கியர் மாறும்போது சுழலும் வேகங்களை இணக்கும் வளையம்) போயிருக்கும், கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அந்த நிலையில்தான் அல்சூரில் பழைய கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் காரை ஸ்டாண்டுகளில் ஏற்றி, ஒரு மரத்துண்டை அணைவாக வைத்து, நீளமான ராடால் கியர்பாக்ஸின் வால்பகுதியை மெல்ல நெம்பினார். இடப்பக்க மவுண்டிங்கின் ரப்பர் இரும்புத் தகட்டிலிருந்து வாய் பிளந்து விலகியது. “பெட்டில ஒரு கோளாறும் இல்ல சார், பெட்டி உக்கார்ற இடந்தான் போயிடுச்சு” என்றார். கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் இந்த மவுண்டிங்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவு சிறிய பொருள் இத்தனை தொல்லை தருவது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் மெக்கானிக்கிடம் நீங்களே பேசிக்கொள்ள முடியும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகப் போல்ட் செய்யப்பட்ட ஒரே நீண்ட பொருள். முன்னால் இரண்டு எஞ்சின் மவுண்டிங்குகளிலும், பின்னால் ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் இரண்டு கியர்பாக்ஸ் மவுண்டிங்குகளிலும் அது உட்கார்ந்திருக்கிறது. மவுண்டிங் என்பது இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையே ஒட்டவைத்து வேகவைத்த ரப்பர்தான். பின்சக்கரங்களுக்குச் செல்லும் ஷாஃப்டை எஞ்சின் ஒரு திசையில் முறுக்கும்போது அதன் எதிர்விசை எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மறுதிசையில் புரட்டப் பார்க்கிறது. அந்தப் புரளலைக் கட்டுப்படுத்துவதும், அதிர்வு காரின் உடலுக்குப் போகாமல் தடுப்பதும் ரப்பரின் வேலை. ரப்பர் கிழிந்தால் கியர்பாக்ஸ் எழும்பித் திரும்ப விழுகிறது, நீங்கள் கேட்கும் ‘டொக்’ அதுதான். இசட்3 இல் கியர் லீவரைத் தாங்கும் சட்டத்தின் முன்முனை கியர்பாக்ஸிலும் பின்முனை காரின் உடலிலும் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கியர்பாக்ஸ் ஒரு பக்கம் சரிந்தால் லீவரின் இடமும் சரிகிறது. மூன்றாவது கியர் நேற்று இருந்த இடத்தில் இன்று உங்கள் கைக்குக் கிடைப்பதில்லை.

இதை வெறும் அசௌகரியம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஞாயிறு காலை நந்தி மலை ஏற்றத்தில், வளைவிலிருந்து வெளியே வரும்போது, இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளிய லீவர் முதல் கியரின் வழியில் போய் முட்டியது. கையில் வழக்கத்துக்கு மாறான எதிர்ப்பு தெரிந்ததால் கிளட்சை விடவில்லை, தப்பித்தேன். என் காரில் முதல் கியரின் விகிதம் 4.23, இரண்டாவதன் விகிதம் 2.52. இரண்டாவது கியரில் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை அதே வேகத்தில் முதல் கியரில் பூட்டினால் அது ஏறத்தாழ 8,400 சுற்றுக்கு இழுத்துச் செல்லப்படும். எஞ்சினின் உச்ச வரம்பைக் காட்டும் சிவப்புக் கோடோ 7,000 ஐக்கூட எட்டாதது. சுற்றுகளைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு இங்கே உதவாது, ஏனென்றால் அது எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுவதை நிறுத்தாது. வால்வு பிஸ்டனில் மோதிவிட்டால் பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

ரப்பர் கெட்டுப்போவது கிலோமீட்டர் கணக்கில் மட்டும் நடப்பதில்லை. வெயில், எக்ஸாஸ்ட் பைப்பின் சூடு, காற்றிலுள்ள ஓசோன் ஆகியவை அதை விறைக்கவும் வெடிக்கவும் வைக்கின்றன. எண்ணெய் பட்டாலோ இயற்கை ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, தகட்டிலிருந்து கழன்றுகொள்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார் என்று நீங்கள் எழுதியிருப்பது ஆறுதல் தரும் செய்தி இல்லை. என் காரில் இடப்பக்கம் மட்டும் பிளந்ததற்குக் காரணம், கியர்பாக்ஸின் பின் சீலிலிருந்து கசிந்த எண்ணெய் அந்த மவுண்டிங்கின் மேல் வழிந்துகொண்டிருந்ததே. கசிவை அடைக்காமல் புதிய மவுண்டிங் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரமே அதே கதிக்கு வந்திருக்கும். மேலிருந்து வால்வு கவர் கேஸ்கெட் வழியாக இறங்கும் எண்ணெயும் ஓடும்போது காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு அங்கேதான் வந்து சேரும், அதையும் பாருங்கள்.

வாங்கும்போது இரண்டையும் ஜோடியாக வாங்குங்கள். இசட்3 இன் மவுண்டிங் அக்காலத்து பி.எம்.டபிள்யூ 3 வரிசை செடான்களிலும் பயன்பட்டது, அதனால் கிடைப்பது கடினமில்லை. உங்கள் காருக்கும் அப்படி மவுண்டிங்கைப் பகிர்ந்துகொள்ளும் வேறு மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் பழைய இருப்பைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். நகத்தால் கீறிப் பார்த்தபோதே ஓரத்தில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன, வாங்காமல் வந்துவிட்டேன். அலமாரியில் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வார்ப்பில் சிறு கடிகாரம்போல ஆண்டும் மாதமும் குறிக்கப்பட்டிருந்தால் அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மாற்றும் வேலை எங்களுக்கு ஒரு முற்பகல்தான் பிடித்தது. காரை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. பேட்டரியைத் துண்டித்து, எக்ஸாஸ்ட் ஆறும்வரை காத்திருங்கள். கியர்பாக்ஸின் அடியில் ஜாக்கை வைக்கும்போது இடையில் ஒரு பலகையைக் கொடுங்கள், உலோக உறை அலுமினியக் கலவை என்பதால் நேரடியாக முட்டுக் கொடுத்தால் விரிசல் விடலாம். எடை ஜாக்குக்கு மாறும் அளவுக்குச் சற்றே தூக்கி, மவுண்டிங்கின் மேல் நட்டுகளையும் கீழ் நட்டுகளையும் தளர்த்தி, குறுக்குச் சட்டத்தை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் சட்டம் கைக்கு வந்துவிடும். எக்ஸாஸ்ட் பைப் குறுக்கிட்டால் அதன் தொங்கு ரப்பர்களைக் கழற்றிக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம். சட்டம் இல்லாத நேரத்தில் ஜாக்கை அதிகம் இறக்காதீர்கள். வால் தாழ்ந்தால் எஞ்சின் பின்னுக்குச் சாய்ந்து, ரேடியேட்டர் ஹோஸும் ஒயர்களும் இழுபடும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பழையது ஆறு மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. புதியதை மாட்டும்போது எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் ஏற்றி, ஜாக்கை இறக்கி, கியர்பாக்ஸின் எடை ரப்பரின் மேல் முழுதாக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும் என்பதில் பெரியவர் கண்டிப்பாக இருந்தார். முன்பே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, முதல் நாளிலிருந்தே கிழியத் தொடங்கும். எட்டு மில்லிமீட்டர் போல்ட், 13 ஆம் நம்பர் ஸ்பேனர், இறுக்கும் அளவு 20 நியூட்டன் மீட்டருக்குச் சற்றே மேல். இது பலத்தைக் காட்டும் இடமில்லை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள். சட்டம் கழன்றிருக்கும்போதே கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களை நோக்கிச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்முனையிலுள்ள ரப்பர் வட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருந்தால் ‘டொக்’ ஒலியில் அதற்கும் பங்குண்டு.

ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான மவுண்டிங் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு அது பொருந்தும். சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் ஐடிலில் நிற்கவும், ஒவ்வொரு தெருவிலும் வேகத்தடை ஏறி இறங்கவும் வேண்டிய காருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பரைவிடக் கடினமான அது எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பையும் இருக்கைவரை கொண்டுவரும். அதைவிட முக்கியம், முன்னால் மென்மையான பழைய எஞ்சின் மவுண்டிங்குகளை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் இறுக்கமானதைப் போட்டால், எஞ்சின் புரளும் விசையின் பெரும்பகுதி கியர்பாக்ஸின் வால் உறையில் போய்ச் சேரும். அந்த உறை உடைந்தால் மாற்று தேடுவது மிகக் கடினம். கம்பெனி கொடுத்த ரப்பரையே போடுங்கள், எஞ்சின் மவுண்டிங்குகளும் அமுங்கியிருந்தால் அவற்றையும் அதே ரகத்தில் மாற்றுங்கள்.

முதல் சில நாட்கள் ஐடிலில் அதிர்வு சற்றுக் கூடுதலாகத் தெரியும், ரப்பர் படிந்ததும் எனக்கு அது குறைந்துவிட்டது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். அதற்குப் பிறகும் மூன்றாவது கியர் சிரமம் தந்தால் மட்டும் உங்கள் மெக்கானிக் சொன்னபடி கியர்பாக்ஸைப் பிரிப்பது பற்றி யோசிக்கலாம்.