ஒன்றில் விழுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் கீபோர்டு அண்ணன், அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டைக் கேள், கேள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வாரமாக போனில் கேட்டேன். பாட்டு, ஆட்டம், ஆர்கன், டிரம்ஸ், மேடையில் சால்வை போர்த்தும் நாடகம், சினிமா என்று மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் பாட்டு நகரவே மாட்டேன் என்கிறது. ஐந்து, ஏழு நிமிடத்துக்கு ஒரே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), ஒரே பீட். இன்றைக்கு இதை ஒரு லூப்பில், அதாவது ஒரு துண்டைக் கணினியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, போட்டுவிடலாமே? இவரை நல்ல பாடகர் என்பதா, மேடைக் கலைஞர் என்பதா? எங்கிருந்து தொடங்குவது? மனைவியை அடித்தவர், ஜெயிலுக்குப் போனவர் என்றும் படித்தேன். அப்படிப்பட்டவரைக் கேட்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

கடைசியில் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். அடித்தது உண்மை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதற்காகக் கைதாகியிருக்கிறார். 1988-இல் வேறொரு வழக்கில் ஆறாண்டுத் தண்டனை பெற்று 1991-இல் வெளியே வந்தார். இசையைக் காட்டி இதை மூடக்கூடாது. தெரிந்துகொண்டே கேளுங்கள், மனம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பாடகரா, மேடைக் கலைஞரா என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. 1963-இல் வயலின்கள் சூழ ‘பிரிசனர் ஆஃப் லவ்’ பாடினார். ஸ்மாஷ் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஆர்கன் வாசித்து, பாட்டே இல்லாத இசைத்தட்டுகளும் கொடுத்தார். இரண்டையும் கேட்டால் உங்கள் கேள்வி தானாகக் கரைந்துவிடும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது லூப் என்ற அந்த வரிக்காக. கொஞ்ச நாளாகவே இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை டிரம்ஸ் வாசிக்கும் ஒருவரே எழுதியதைப் பார்த்ததும் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். உலகம் அதிகம் வெட்டி ஒட்டிய லூப்களில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? 1969 நவம்பர் 20, சின்சினாட்டி நகரம், கிங் ஸ்டுடியோ. பாட்டின் பெயர் ‘ஃபங்கி டிரம்மர்’. டிரம்ஸ் வாசித்தவர் பிரவுன் குழுவின் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. பாட்டு பாதிக்கு மேல் ஓடியபின், மற்றவர்கள் நிறுத்திக்கொண்டு டிரம்மருக்கு இடம் விடப் போகிறோம் என்று பிரவுன் முன்கூட்டியே அறிவிக்கிறார். கூடவே டிரம்மருக்கு ஒரு கட்டளை: சோலோ வாசிக்காதே, இப்போது வாசிப்பதையே வாசி. எட்டு பார் (ஒரு பார் என்பது நாலு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று), சுமார் இருபது வினாடி. அந்த இருபது வினாடியைத்தான் பப்ளிக் எனிமி என்ற ராப் குழு உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாட்டின் உரிமை பிரவுன் பெயரில் இருந்தது. 2017-இல் இறக்கும்வரை அந்த எட்டு பாருக்கு உரிய ராயல்டி ஸ்டபிள்ஃபீல்டுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் லூப் என்று ஒதுக்குவது ஒரு மனிதனின் மணிக்கட்டு, ம. உங்கள் தொழில்காரனின் மணிக்கட்டு.

அதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒரு பாரை 16 சின்ன அடிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வலது கை ஹை-ஹாட்டில் (ஜோடித் தாளத்தட்டு) பதினாறையும் விடாமல் அடிக்கிறது. வேகம் ஏறக்குறைய நிமிடத்துக்கு 100 பெரிய அடி, ஒவ்வொன்றிலும் நாலு சின்ன அடி. அப்படியென்றால் நிமிடத்துக்கு 400 தட்டு, ஒற்றைக் கையில். ஸ்னேர் என்ற நடு டிரம்மில் உரத்த அடி 5-லும் 13-லும் மட்டும். அவற்றுக்கு நடுவே இடது கை ஸ்னேரின் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டே போகிறது. கேட்டும் கேட்காமலும் இருக்கிற இந்தத் தட்டுகளில்தான் உயிர் இருக்கிறது. கிக், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம், முதல் அடியில் விழுந்து, மூன்றாம் சின்ன அடியில் மறுபடி விழுகிறது. அதற்கப்புறம் நேராக நடப்பதில்லை, இடைவெளிகளில் புகுந்து புகுந்து வருகிறது.

எங்கே கெடும் என்பதும் தெரிந்ததுதான். முதலில் அந்த மெல்லிய தட்டுகள். குச்சி தோலிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் எழுந்தாலே சத்தம் கூடிவிடும், 5-உம் 13-உம் கூட்டத்தில் காணாமல் போகும். அடுத்தது வலது கை. குச்சியை இறுக்கிப் பிடித்தால் இரண்டாவது நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும், வலியிலிருந்து தப்பிக்கக் கை தானாக வேகம் பிடிக்கும். மூன்றாவதுதான் உங்களிடம் நிச்சயம் இருக்கும் நோய். நாலு பாருக்கு ஒருமுறை ரோல், அதாவது டிரம்களில் உருட்டி அடிக்கும் அலங்காரம், கொடுப்பது. நம்முடைய குழுக்களில் ரோல் கொடுக்காத டிரம்மரைத் தூங்குகிறான் என்பார்கள். இந்த இசையில் ரோல் கொடுத்தால், அடுத்த பாரின் முதல் அடிக்காக எல்லோரும் சேர்த்து வைத்திருந்த எடையை நீங்கள் முன்னதாகவே செலவழித்துவிடுகிறீர்கள். ஒன்று வந்து விழும்போது அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

பாரின் முதல் அடியான அந்த ‘ஒன்று’தான் பிரவுனுடைய கண்டுபிடிப்பு. அதுவரை அமெரிக்கக் கறுப்பினப் பாட்டு நாலு பெரிய அடிகளில் 2-இலும் 4-இலும் கைதட்டியது. 1965 பிப்ரவரியில் வடக்குக் கரோலினாவின் சார்லட் நகரில் ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ பதிவானபோது எடை முதல் அடிக்கு நகர்ந்துவிட்டிருந்தது. ஏழு நிமிட நாடாவை வேகம் கூட்டி, வெட்டி, இசைத்தட்டின் இரண்டு பக்கங்களில் போட்டார்கள். அதில் குழுவின் ஜிம்மி நோலனின் கிட்டாரை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இடது கை கார்டை அழுத்துகிறது, உடனே விட்டுவிடுகிறது. விரல் கம்பியை விட்டு எழுவதில்லை, அழுத்தம் மட்டும் போகிறது. வலது கை, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் வேகமாக உரசிக்கொண்டே இருக்கிறது. சுரம் ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது, மீதியெல்லாம் உரசல். அழுத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக விட்டால் கார்டு நீண்டு ஒலித்து ஹை-ஹாட்டை மூடிவிடும். கிட்டாரும் அங்கே தாளக் கருவிதான்.

1967-இல் ‘கோல்ட் ஸ்வெட்’ வந்தபோது இது முழுமையடைந்தது. அதன் டிரம்ஸும் ஸ்டபிள்ஃபீல்டுதான். முதல் பாரில் நாலாவது அடியில் விழவேண்டிய ஸ்னேர் அரை அடி தள்ளி விழுகிறது. அந்த ஓட்டையில் கேட்கிறவன் தடுக்கி விழுகிறான், அடுத்த ஒன்று அவனைத் தூக்கி நிறுத்துகிறது. கார்டு மாறினால் கவனம் அங்கே ஓடிவிடும் என்பதால்தான் கார்டு அநேகமாக மாறுவதில்லை. நகரவில்லை என்கிறீர்களே, எல்லாம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அது கீழே நடக்கிறது.

இனி அந்தப் பல்துறைத் திறமைக்கு வருகிறேன். ஆட்டம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று பிரவுனிடம் இல்லை. குழுவை நடத்தியதே அவருடைய காலும் தொண்டையும்தான். ‘ஹா’ என்ற ஒரு கத்தல் ஹார்ன்காரர்களுக்கு (டிரம்பெட், சாக்ஸபோன் ஊதுகிறவர்களுக்கு) நுழைவாய். 1970-இன் ‘செக்ஸ் மெஷின்’ பதிவில் அடுத்த பகுதிக்குப் போகலாமா என்று உடன் பாடும் பாபி பேர்டிடம் கேட்டுக் கேட்டு இழுத்தடிக்கிறார். பாட்டு போல இருக்கும், அது குழுவுக்கான சமிக்ஞையும்கூட. கார்டு மாறும் இடம் அதுதான். மேடையில் சுழன்றுகொண்டே இருக்கும்போது எவனாவது ஒரு சுரத்தைத் தவறவிட்டால், அவன் பக்கம் திரும்பும் அரைக் கணத்தில் ஐந்து விரல்களை விரித்துக் காட்டுவார். ஐந்து டாலர் அபராதம். இரண்டு முறை விரித்தால் பத்து. கூட்டம் அதையும் ஆட்டம் என்று கைதட்டும். பளபளக்காத காலணிக்கும், தாமதத்துக்கும்கூட அபராதம் உண்டு. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. 1970 மார்ச்சில் சம்பளத் தகராறில் குழுவே கலைந்தது. சின்சினாட்டியிலிருந்து பேஸ் கிட்டார் வாசிக்கும் பூட்ஸி காலின்ஸையும் அவர் அண்ணனையும் விமானத்தில் வரவழைத்து மேடையேற்றினார். பதின்வயதைத் தாண்டாத பூட்ஸி பேஸில் அலங்காரம் செய்துகொண்டே போக, ஒன்றில் விழு, பிறகு என்ன வேண்டுமானாலும் செய் என்பதுதான் பிரவுனிடம் அவருக்குக் கிடைத்த பாடம்.

அதே பாடம் உங்களுக்கும். போனில் மெட்ரோனோம், அதாவது வேகம் காட்ட டிக் டிக் என்று அடிக்கும் செயலி, இருக்கும். வேகத்தை 25-இல் வையுங்கள். 100-இல் வாசித்தால் ஒரு பாருக்கு ஒரே ஒரு டிக். அந்த டிக் உங்கள் கிக்கோடு சேர்ந்து விழவேண்டும். மூன்றாவது பாரிலேயே நீங்கள் முந்திக்கொண்டு வந்து நிற்பீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். முந்தினால் நிறுத்தாதீர்கள், வாசித்துக்கொண்டே டிக்குக்காகக் காத்திருக்கப் பழகுங்கள். கிக் அதன்மேல் சரியாக உட்காரும்போது டிக் காதில் விழாது. ஐந்து நிமிடம் அப்படி, ரோல் ஒன்றுகூட இல்லாமல் வாசித்துவிட்டு, லூப் போதும் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் பதிவான கச்சேரியிலிருந்து. மேடைப் பதிவை யார் வாங்குவார்கள் என்று அவருடைய தட்டுகளை வெளியிட்ட கிங் கம்பெனி முதலாளி சிட் நாதன் மறுத்துவிட்டதால், 5,700 டாலர் சொந்தப் பணம் போட்டு எடுத்தார் பிரவுன். அடுத்த ஆண்டு வெளிவந்து, அமெரிக்க விற்பனையைக் கணக்கிடும் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. அதில் ‘லாஸ்ட் சம்ஒன்’ பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். குழு அடங்கி வாசிக்க, அவர் கெஞ்சுகிறார், கூட்டத்திலிருந்து ஒவ்வொரு குரலாகப் பதில் வருகிறது. அவர் பாடகரா என்ற சந்தேகம் அங்கே தீரும். பிறகு ‘கோல்ட் ஸ்வெட்’, அதன்பின் ‘ஃபங்கி டிரம்மர்’.

ஒன்று மட்டும், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஒரு வாரமாகப் பாதிக் குழுவைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நல்ல ஹெட்போன் இல்லையென்றால் அந்தக் கீபோர்டு அண்ணனிடமே கேளுங்கள், கட்டாயம் வைத்திருப்பார்.