ரீமேப் செய்த காரில் டர்போ போனால் வாரண்டி கிடைக்குமா?

கேள்வி: டீசல் டர்போ கார், இரண்டு வருடத்தில் 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாரண்டி இன்னும் ஒரு வருடம் பாக்கி. எட்டு மாதத்துக்கு முன் ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்தேன். போன வாரம் முதலில் விசில் சத்தம், அப்புறம் நீலப் புகை, கடைசியில் இழுவையே இல்லை. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது என்றார்கள். ஈசியூவில், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில், ரீமேப் தெரிகிறது, அதனால் வாரண்டி மொத்தமும் ரத்து, முன்பே சொல்லிவைத்திருந்த ஏசி கம்ப்ரஸர் பழுதையும் பார்க்க மாட்டோம் என்கிறார் சர்வீஸ் அட்வைசர். அப்படிச் சொல்ல முடியுமா? காரை வெளியே எடுத்து ஒரிஜினல் மேப்பை ஏற்றி வேறு டீலரிடம் கொண்டுபோகலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்நேரம் யாராவது நண்பர் உங்களுக்கு அந்த யோசனையைக் கொடுத்திருப்பார். வேண்டாம். டீலரின் ஸ்கேனர் ஒருமுறை உங்கள் ஈசியூவைப் படித்துவிட்டது, அந்தத் தகவல் பெரும்பாலும் அப்போதே உற்பத்தியாளரின் சர்வருக்குப் போயிருக்கும். ஈசியூவில் உள்ள மென்பொருளைக் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் வரும், சிவிஎன் என்பார்கள், மேப்பில் ஒரு சின்ன மதிப்பை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி நிறுவனங்கள் இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய பாகங்களை வாரண்டியில் மாற்றும் முன் அந்த எண் தெரியும் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தங்கள் டீலர்களுக்கு உத்தரவே போட்டிருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிக்காரர்களைக் கேட்டால் டிடி1 என்ற பெயரைச் சொல்வார்கள்: ட்யூன் செய்தது கண்டுபிடிக்கப்பட்டதும் வண்டி எண்ணுக்கு எதிரே சர்வரில் விழும் குறி, அதன் பிறகு எந்த டீலரிடம் போனாலும் அது தெரியும். ஒரிஜினல் மேப்பைத் திரும்ப ஏற்றினால் சிவிஎன் சரியாகிவிடும், சரி, ஆனால் எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கை பல ஈசியூக்களில் தனியாக நிற்கும், டீலர் ஏற்றியதாகப் பதிவு இல்லாத ஒரு எண்ணிக்கை அதில் இருந்தாலே கதை முடிந்தது. இது போக, தெரிந்தே மறைத்தது என்று ஒரு குற்றச்சாட்டும் சேரும். இப்போது நியாயம் உங்கள் பக்கம் கொஞ்சமாவது இருக்கிறதென்றால் அதையும் நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

ட்யூனிங் பாக்ஸ் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஈசியூ மென்பொருளைத் தொடுவதில்லை, சென்சார் சொல்வதை மாற்றிச் சொல்லி ஈசியூவை ஏமாற்றும், அதனால் சிவிஎன் மாறாது என்பது உண்மைதான். ஆனால் கனெக்டரில் கழற்றி மாட்டிய தடம், பதிவான மதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவராமை இதெல்லாம் அனுபவமுள்ள டெக்னீஷியன் கண்ணில் படும்.

இப்போது முதல் கேள்வி. "வாரண்டி ரத்து" என்பது சர்வீஸ் கவுண்டரில் சொல்லச் சுலபமான ஒரு வாக்கியம். உங்கள் வாரண்டி புத்தகத்தை எடுத்து விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் "அனுமதிக்கப்படாத மாற்றங்களால் ஏற்படும் பழுதுக்கு வாரண்டி பொருந்தாது" என்கிற மாதிரிதான் இருக்கும். இங்கே "களால்" என்ற மூன்று எழுத்துதான் உங்கள் வழக்கு. மாற்றம் இருந்தது என்று காட்டினால் போதாது, அந்த மாற்றத்தால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். சில புத்தகங்களில் "மாற்றம் செய்தால் வாரண்டி முழுவதும் செல்லாது" என்றே இருக்கும், அப்படி இருந்தால் உங்கள் நிலை பலவீனம்தான், உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டம் அந்த வரியை எவ்வளவு தூரம் ஏற்கும் என்று ஒரு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். இணையத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் மாக்னசன்-மாஸ் சட்டம் 1975இல் வந்த அமெரிக்கச் சட்டம். எங்கள் பிராண்ட் பாகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதை அது தடுக்கிறது, வெளிப்பாகம் போட்டதைக் காரணம் காட்டி மறுப்பவர் அந்தப் பாகம்தான் பழுதை உண்டாக்கியது என்று காட்ட வேண்டும் என்பது அங்குள்ள நிலை. அமெரிக்காவுக்கு வெளியே அந்தப் பெயரைச் சொல்லி டீலரிடம் சண்டை போடுவதில் பயனில்லை, அங்கேயும்கூட ரீமேப்பால் உடைந்த டர்போவை அது காப்பாற்றாது.

ஏசி கம்ப்ரஸர் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. டர்போ பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டியதால் ஏசி கம்ப்ரஸர் கெட்டது என்று யாராவது எழுதிக் கொடுக்கட்டும் பார்க்கலாம். புத்தகத்தில் அந்த "முழுவதும் செல்லாது" வரி இல்லாதவரை அதைத் தனிக் கோரிக்கையாக, தனி ஜாப் கார்டில் போடச் சொல்லுங்கள், டர்போவோடு சேர்த்துப் பேசவே விடாதீர்கள்.

டர்போதான் சிக்கல். இங்கே உங்களுக்கு இனிப்பாகப் பேச முடியாது. ரீமேப் என்பது பொதுவாக பூஸ்ட்டையும் எரிபொருளையும் கூட்டுவது, அதனால் டர்போவின் தண்டு அதிக வேகத்தில் சுற்றும், சாதாரணமாகவே அது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான், புகைப்போக்கி வாயுவின் வெப்பமும் ஏறும். ஆகவே கிளட்ச், டர்போ, கியர்பாக்ஸ், பிஸ்டன் இவை போனால் முதல் சந்தேகம் ரீமேப் மேல் விழுவது நியாயம். ஆனால் சந்தேகம் வேறு, ஆதாரம் வேறு. டர்போ எப்படிச் செத்தது என்பதைச் செத்த டர்போவே சொல்லும், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவுதான்.

அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றியிருந்தால் டர்போவுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் பின்பக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகியிருக்கும், மோசமானால் சக்கரமே பிளந்திருக்கும். அதிக வெப்பம் என்றால் புகை வாயு சுற்றும் டர்பைன் பக்கத்து உறையில் விரிசல். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் ரீமேப்பைத்தான் கைகாட்டுவார்கள், மறுத்துப் பேசுவது கஷ்டம். மாறாக, பேரிங் இருக்கும் இடத்தில் தண்டு நீலம் பாய்ந்து தேய்ந்திருந்தால் எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம்: எண்ணெய்க் குழாயில் அடைப்பு, எண்ணெய் பம்ப் பலவீனம், அல்லது ஆயில் மாற்றத் தவறியது. சக்கரத்தின் நுனிகள் நசுங்கி மடங்கியிருந்தால் உள்ளே ஏதோ பொருள் போயிருக்கிறது, ஏர் ஃபில்டர் பெட்டியை யார் கடைசியாகத் திறந்தது என்று பாருங்கள் (சர்வீஸ் சென்டரே திறந்திருக்கலாம்). வேன்கள் (டர்பைனுக்குப் போகும் வாயுவைக் கட்டுப்படுத்தும் சின்ன இறக்கைகள்) கரி பிடித்து இறுகுவது, அவற்றை அசைக்கும் ஆக்சுவேட்டரின் பல்சக்கரம் தேய்வது இவையெல்லாம் ரீமேப் இல்லாத வண்டிகளிலும் நடப்பவை. உங்களுக்கு விசில், நீலப் புகை, இந்த வரிசையில் வந்திருக்கிறது, நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, அதாவது பேரிங்கும் சீலும் போயிருக்கின்றன. ஏன் போயின என்பதுதான் கேள்வி. பிரிக்காமல் இதற்குப் பதில் சொல்பவர் டீலரானாலும் நானானாலும் ஊகம்தான் செய்கிறோம்.

அதனால் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், டீலருக்கு மட்டும் அனுப்பாமல் உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து. வாரண்டி கொடுத்தது உற்பத்தியாளர், டீலர் அவர் சார்பில் வேலை பார்ப்பவர்தான், டீலரின் "முடியாது" உற்பத்தியாளரின் "முடியாது" ஆகிவிடாது. டீலர்கள் ஏன் இவ்வளவு அவசரமாக மறுக்கிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு: வாரண்டி வேலைக்கு உற்பத்தியாளர் கொடுத்த பணத்தைத் தணிக்கையில் குறை கண்டால் திரும்பப் பிடித்துக்கொள்வார், அந்த பயத்தில் அட்வைசர் உங்களிடம் கடுமையாக இருக்கிறார், உங்கள்மேல் அவருக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் கேட்க வேண்டியது: மறுப்பை எழுத்தில் தாருங்கள், வாரண்டியின் எந்த விதிப்படி என்று குறிப்பிடுங்கள், ஈசியூவிலிருந்து எடுத்த அறிக்கையின் நகல் வேண்டும், டர்போவைப் பிரிக்கும்போது நான் அல்லது என் சார்பில் ஒருவர் உடனிருப்போம், பழைய டர்போவை என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பவோ வீசவோ கூடாது. கடைசி வரிதான் முக்கியம். பழைய பாகம் மறு உற்பத்திக்குப் போய்விட்டால் உங்கள் கையில் ஒன்றுமே மிஞ்சாது. ரீமேப் செய்தீர்களா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள், குறிப்பாக ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் ஆயிலின் தரக் குறியீடும். ரீமேப் செய்த வண்டிக்கு ஆயில் மாற்றத் தாமதித்திருந்தால் நான் உங்கள் பக்கம் நின்று வாதாட மாட்டேன். ரீமேப் செய்தவரிடம் உங்கள் பழைய மேப், புதிய மேப் இரண்டின் ஃபைலையும் கேளுங்கள். புதியதில் பூஸ்ட் எவ்வளவு கூடியது, வெப்பக் கட்டுப்பாட்டு வரம்புகளை அவர் தொட்டாரா என்பது அதில் தெரியும், சுயேச்சையாக ஆய்வு செய்யும் பொறியாளருக்கு அது வேண்டும். கொடுக்கத் தயங்குகிறார் என்றால் அதுவே ஒரு பதில்தான். சில ட்யூனர்கள் தாங்களே ஒரு வாரண்டி தருவார்கள், பில்லில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அல்லது ஈஜிஆரையும் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) சேர்த்து அணைத்திருந்தால் நிலைமை வேறு, பல நாடுகளில் அது சட்டப்படியே குற்றம், அந்த வண்டியை வைத்துக்கொண்டு யாரிடமும் புகார் கொடுக்கும் முன் இருமுறை யோசியுங்கள்.

பிரித்துப் பார்த்து ரீமேப்தான் காரணம் என்று வந்தால் சண்டையை அங்கேயே விட்டுவிட்டு, நல்லெண்ண அடிப்படையில் பாகத்தின் விலையில் ஒரு பங்கையாவது ஏற்பார்களா என்று கேளுங்கள். எல்லா சர்வீஸையும் அவர்களிடமே செய்திருந்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு, அதுவும் முதல் நாளிலிருந்து மறைக்காமல் பேசியிருந்தால். எண்ணெய்ப் பக்கத்துப் பழுது என்று வந்தால், சர்வீஸ் பில்கள் ஒழுங்காக இருந்தால், படங்களையும் பொறியாளர் அறிக்கையையும் இணைத்து உற்பத்தியாளருக்கு இரண்டாவது மின்னஞ்சல் போடுங்கள், பதிலுக்கு ஒரு தேதியும் குறியுங்கள், அந்தத் தேதி தாண்டினால் நுகர்வோர் மன்றம். அதுவரை அந்த டர்போவோடு வண்டியை ஓட்டவே வேண்டாம், சீல் போன டர்போ வழியாக எண்ணெய் உள்ளே போனால் டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும், அப்புறம் டர்போவை மறந்துவிட்டு முழு இன்ஜினுக்கு வாரண்டி கேட்க வேண்டியிருக்கும்.